ஆறரை மணிக்குப் படுத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்

நான் ஓய்வு பெற்ற அன்று கடையில் எனக்கு ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். இனிமேல் மணி பார்க்கவே தேவையில்லாதவளுக்குக் கடிகாரம் எதற்கு என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். கேக் வெட்டி முடித்த பிறகு, சர்வீஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி, "அக்கா, மெஷின் ஸ்லோன்னு போன் வந்தா நீங்க மொதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். "கையைக் கட்டிக்கினு உக்காருவேன்" என்றேன். கிண்டல் என்று நினைத்து மறுபடியும் சிரித்தார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன். அதை விளக்கமாக எழுதித் தரச் சொல்லி கடையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக நச்சரித்ததால் இதை எழுதுகிறேன்.

இப்போது ரிப்பேருக்காக யாரும் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவதில்லை. கடையிலேயே உட்கார்ந்து, வாடிக்கையாளர் ஓர் எண்ணைச் சொன்னதும், இணையம் வழியாக அவருடைய கம்ப்யூட்டருக்குள் நுழைந்துவிடுகிறார்கள். திரையில் மவுஸின் அம்பு தானாக நகர்வதைப் பார்த்து அந்தப் பக்கம் இருப்பவர் வாயைப் பிளக்கிறார். இதை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த வசதி என் முட்டி தேய்வதற்கு முன்னால் வந்திருக்கலாம் என்பதுதான் எனக்குள்ள ஒரே வருத்தம். மூன்று மாடி ஏறிப் போய், பிளக்கைச் சரியாகச் சொருகவில்லை என்று கண்டுபிடித்து, மூன்று மாடி இறங்கிய நாட்கள் எனக்கு ஏராளம். ஆனால் கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது திரை மட்டும்தான் தெரிகிறது. அந்தக் கம்ப்யூட்டர் எந்த வீட்டில், எந்த மூலையில், யார் கையில் அகப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பது தெரிவதில்லை.

நான் ராயப்பேட்டைக்காரி. பெயர் செல்வி. டிவி, ரேடியோ ரிப்பேர் செய்து பிழைக்கலாம் என்று பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். படித்து முடிப்பதற்குள் ஜனங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் தெரு முனையில் இக்பால் பாய் என்பவர் சர்வீஸ் கடை வைத்திருந்தார். அங்கே போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். போன் செய்கிற பெண்களில் பாதிப் பேர், "வீட்ல ஆம்பளைங்க இல்லாத நேரம், லேடீஸ் யாராவது இருந்தா அனுப்புங்க" என்பார்கள். கடையில் இருந்த ஒரே லேடீஸ் நான்தான். ஒரு வருடம் கீபோர்டு தட்டி, ஸ்க்ரூ கழற்றி, பாயின் பின்னாலேயே சுற்றியதில் தொழில் கைக்கு வந்தது. அதற்கு மேல் என் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது இக்பால் பாயைப் பற்றித்தான். எப்போதும் வெள்ளைச் சட்டை, இஸ்திரி கலையாத கைக்குட்டை. சட்டைப் பையில் ஒரு பென்சில், ஒரு அழிரப்பர், சவரம் செய்கிற பிரஷ் ஒன்று. அந்தப் பிரஷ் தூசு தட்டுவதற்கு. குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் செருப்பை ஓரமாக விடுவார். கை கழுவ இடம் கேட்பார். அப்புறம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காராமல், பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கையைக் கட்டிக்கொள்வார். வீட்டுக்காரரிடம், "நீங்க டெய்லி இன்னா பண்ணுவீங்களோ அத்த பண்ணுங்க. நான் சும்மா பாத்துக்கினு கீறேன்" என்பார்.

அப்படியே பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார். எனக்கோ கை அரிக்கும். நான் பொறுமைக்குப் பெயர் போனவள் இல்லை. இன்றைக்கும் பால் பொங்குவதற்குள் அடுப்பை இரண்டு தரம் பெரிதாக்கிச் சிறிதாக்குவேன். நான் நெளிவதைப் பார்த்தால் பாய் மெதுவாகச் சொல்வார்: "மிசினு எங்கியும் ஓடிப் பூடாது செல்வி. மொதல்ல அவங்கள பாரு."

அவரிடம் இன்னொரு சட்டமும் இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் மஞ்சள் நிறத்தில் ஓர் அட்டை உண்டு. அதில் 'புகார்' என்ற கட்டத்தில் 'ஸ்லோ' என்று எழுதக் கூடாது. வாடிக்கையாளர் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுத வேண்டும். "ஸ்லோன்றது நோவுதுன்ற மாதிரி. எங்க நோவுது, எப்ப நோவுது, இன்னா பண்ணா நோவுது, அது இல்லாத அட்டைய எங்கிட்ட தராத" என்பார். மீறி யாராவது 'ஸ்லோ' என்று எழுதிக் கொடுத்தால், திட்ட மாட்டார். அட்டையை இரண்டாக மடித்து நம் கையிலேயே வைத்துவிடுவார். அவருடைய கோபத்தின் எல்லை அதுதான். நாலாக மடித்து நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன், அதையும் சொல்கிறேன்.

அவரோடு போன முதல் சில மாதங்களில் நடந்தது ஒன்று. பெசன்ட் நகரில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஃபிளாட். புது மெஷின்தான், ஆறே மாதத்தில் ஆமையாகிவிட்டது. எனக்குத் தெரிந்த கெட்டிக்காரத்தனத்தில், "ரேம் பத்தல பாய், ஒண்ணு கூட போட்டுரலாம்" என்றேன். ரேம் என்றால் கம்ப்யூட்டர் கையிலிருக்கும் வேலையைப் பரப்பி வைத்துக்கொள்கிற மேசை. மேசை சிறிதானால் வேலை இழுக்கும். பாய் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த இரண்டு ரேம்களையும் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். ஒன்றின் தங்க நிறப் பற்கள் கடல் காற்றில் கறுத்திருந்தன. இருக்கிற இரண்டில் ஒன்றை மெஷின் கண்டுகொள்ளவே இல்லை. சட்டைப் பையிலிருந்து அழிரப்பரை எடுத்து, பிள்ளைகள் கணக்கு நோட்டில் தப்பை அழிப்பதுபோல் பதமாகத் தேய்த்தார், கைக்குட்டையால் துடைத்தார், சொருகினார். மெஷின் எழுந்து ஓடியது. வீட்டுக்காரர் எவ்வளவு என்று கேட்டதற்கு, "ரப்பர் தேஞ்சதுக்கு இன்னா சார் வாங்கறது" என்று சொல்லி, வந்து போன கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

நான் தனியாகப் போக ஆரம்பித்த பிறகு தி. நகரில் ஒரு கூட்டுக் குடும்பம். அங்கே பாய் சொன்னபடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மகன் வந்து கம்ப்யூட்டரைப் போட்டார், வைரஸ் தடுக்கிற ஒரு மென்பொருள் எழுந்து எல்லாவற்றையும் சோதித்தது. அவருடைய அப்பா எட்டிப் பார்த்து, "நான் போட்ட ஆன்டி வைரஸ் வேலை செய்யுதாம்மா?" என்று கேட்டார். பார்த்தால் அவர் போட்டது வேறு ஒன்று. கொஞ்ச நேரத்தில் மருமகள் ரகசியமாக வந்து, இவர்கள் இருவரையும் நம்ப முடியாது என்று தானும் ஒன்று போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். ஒரே வாசலில் மூன்று வாட்ச்மேன்கள், ஒருவரை ஒருவர் திருடன் என்று பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மூன்றில் எதை வைத்துக்கொள்வது என்று அந்த வீட்டில் முடிவாக ஒரு மணி நேரமும் மூன்று காபியும் ஆயின. கம்ப்யூட்டரைச் சரி செய்ய எனக்கு ஆனது பத்து நிமிடம்.

இப்படி நாலு வீட்டில் பேர் வாங்கியதும் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. அந்தத் தலைக்கனத்தோடு போய் மாட்டிக்கொண்டதுதான் வைதேகி மாமி வீட்டு விவகாரம்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய வீட்டின் கீழ்ப் போர்ஷனில் மாமி தனியாக இருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். பாட்டு டீச்சர். நேரில் வந்து கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் குறைந்துபோன பிறகு, வெளிநாட்டில் இருக்கும் குழந்தைகளுக்கு வீடியோ வழியாகக் கற்றுக்கொடுத்தார். சனி, ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு வகுப்பு. அமெரிக்காவில் அப்போது காலை. ஒன்பது குழந்தைகள், ஒருவர் பின் ஒருவராக.

மாமி போனில் சொன்னது எனக்கு இன்னும் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "கார்த்தாலே நன்னா ஓடறது. சாயங்காலம் கிளாஸ் ஆரம்பிச்சுப் பத்து நிமிஷத்துல படுத்துண்டுடறது. குழந்தை வாயைத் திறந்தது திறந்தபடி நிக்கறது."

இதை அப்படியே எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அன்றைக்கு எனக்கு இன்னும் ஏழு வீடு பாக்கி. அட்டையில் 'ஸ்லோ' என்று எழுதிவிட்டு, ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். மாமி வாசலிலேயே நின்று, "வாம்மா, வா. உள்ளே வா" என்று ஃபேனைப் போட்டார். கூடத்தில் ஒரு மர அலமாரி. மேல் தட்டில் சுவாமி படங்கள், கீழ்த் தட்டில் கம்ப்யூட்டர் பெட்டி, அதற்கு இரண்டு கதவுகள். பக்கத்து மேசையில் திரை. எல்லாவற்றையும் எனக்காகத் துடைத்து, திறந்து, பளிச்சென்று வைத்திருந்தார். மெஷின் குதிரைபோல் ஓடியது. நான் பத்து நிமிடம் உட்காரவில்லை. எல்லாவற்றையும் வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, மெஷினை மொத்தமாக அழித்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்தேன். அன்று மாலை வகுப்பில் அது படுத்துக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய் ரேமைக் கூட்டினேன். வார இறுதியில் மறுபடி படுத்துக்கொண்டது. மூன்றாம் முறை காலை பதினொரு மணிக்குப் போய், பார்த்துவிட்டு, இணைய இணைப்பில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டு வந்தேன். இணைப்புக் கொடுத்தவர்கள் வந்து பார்த்து, லைன் சுத்தமாக இருக்கிறது, கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்றார்கள். நான் அவர்களைச் சொல்ல, அவர்கள் என்னைச் சொல்ல, நடுவில் மாமி நின்றார்.

கடுப்பில் நாலாவது தரம் வாசலில் நின்றபடியே, தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல், "மாமி, மெஷின்ல ஒண்ணுமே இல்ல. பழசாயிடுச்சு, புதுசு ஒண்ணு வாங்கிடுங்க" என்றேன்.

"புதுசு வாங்கினா அது படுத்துக்காதுன்னு நீ சொல்றியா?" என்று கேட்டார்.

 மாமி என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அதட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

"செல்வி, ஒன்பது பேர்ல நாலு பேர் நின்னுட்டா. அவாளைச் சொல்லிக் குத்தமில்லை. பாதிப் பாட்டுல டீச்சர் சிலையா நின்னா யார் காசு கொடுப்பா? பெங்களூர்ல பிள்ளை இருக்கான். 'கிளாஸ் இல்லாம நீ தனியா அங்கே என்ன பண்ணப் போறே, பொங்கலுக்கு வந்து அழைச்சுண்டு போயிடறேன்'னு சொல்லிட்டான். தங்கமான பிள்ளை. ஆனா இங்கே நான் பாட்டு டீச்சர். அங்கே போனா அவனோட அம்மா, அவ்ளோதான். நாள் பூரா பால்கனியைப் பார்த்துண்டு உக்காரணும். எனக்கு அதுக்கு இன்னும் வயசாகலை."

அப்போது மார்கழி பிறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. பொங்கலுக்கு ஒரு மாதம்கூட இல்லை. நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடைக்கு வரும் வழியெல்லாம் எனக்கே என்மேல் கோபம் கோபமாக வந்தது. சிக்னலில் ஒரு ஆட்டோக்காரரிடம் காரணமில்லாமல் சண்டை போட்டேன்.

பாய் அட்டையை வாங்கிப் பார்த்தார். 'ஸ்லோ' என்று என் கையெழுத்தில் இருந்தது. இரண்டாக மடித்தார். ஒரு நிமிடம் யோசித்தார். நாலாக மடித்தார்.

"எத்தினி தபா போன?"

"நாலு தபா, பாய்."

"எத்தினி மணிக்கு?"

"காலீல பத்து, மத்தியானம், அப்பறம் பதினோரு மணி, இன்னிக்கு இப்ப."

"அந்தம்மா எத்தினி மணிக்குப் படுத்துக்குதுன்னாங்க?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அவங்க சாயங்காலம் நோவுதுன்றாங்க. நீ காலீல போய் ஊசி போட்டுட்டு வந்துகினு கீற" என்றார். அப்புறம் மடித்த அட்டையைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "சனிக்கிழம ஆறு மணிக்குப் போ. பைய எடுத்துக்கினு போவாத. பை கையில இருந்தா நீ மெக்கானிக்கு. மெக்கானிக்கு வரான்னா எல்லாரும் வீட்ட ரெடி பண்ணி வெச்சிருவாங்க. பாட்டு கேக்கப் போற மாதிரி போய் உக்காரு. ஒண்ணியும் தொடாத."

சனிக்கிழமை கையை வீசிக்கொண்டு போனேன். வெறுங்கையோடு போக ஒரு மாதிரியாக இருந்ததால் குளக்கரையில் இரண்டு முழம் பூ வாங்கிக்கொண்டேன். "இன்னிக்கு ரிப்பேருக்கு வரல மாமி, பாட்டு கேக்க வந்தேன்" என்றதும் மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் மூலையில் பிரம்பு நாற்காலியைக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

நானும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

ஆறு மணிக்கு மாமி விளக்கேற்றினார். சுடர் ஆடியதால் ஃபேனை நிறுத்தினார். சந்தில் போகிற வண்டிகளின் ஹாரன் வகுப்பில் கேட்கக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தினார். மேசைமேல் சின்னத் தம்புராப் பெட்டியைப் போட்டதும் கூடம் முழுக்க சுருதி நிறைந்தது. மாமி கோரைப் பாயில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மெல்ல 'ஸா' என்றார். உடனே முகத்தைச் சுளித்தார். அலமாரிப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டார். எழுந்துபோய், கம்ப்யூட்டர் பெட்டி இருந்த கீழ்த் தட்டின் இரண்டு கதவுகளையும் சாத்தினார். கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. நாலாய் மடித்த ஒரு பழைய புடவைத் துண்டை எடுத்து, அதில் ஒரு இடம் விடாமல் அடைத்தார். திரும்ப வந்து உட்கார்ந்து, மறுபடி 'ஸா' என்றார். இந்த முறை முகம் தெளிந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாய் தொடாதே என்று சொன்னதால் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

திரையில் மீரா என்று ஒரு குழந்தை வந்தாள். பத்து வயதிருக்கும், தூக்கக் கலக்கத்தில் கொட்டாவி விட்டபடி பாட ஆரம்பித்தாள். ஐந்து நிமிடம் நன்றாகப் போனது. ஏழாவது நிமிடம் கதவுக்குப் பின்னாலிருந்து கம்ப்யூட்டரின் விசிறி இரைய ஆரம்பித்தது. மாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொடையில் தாளம் தப்பாமல் போட்டுக்கொண்டே, இடது காலை நீட்டி, கட்டை விரலால் புடவைத் துண்டை இன்னும் உள்ளே தள்ளினார். இரைச்சல் கூடியது, மாமி இன்னும் தள்ளினார். பதினோராவது நிமிடம் மீரா வாயைத் திறந்தது திறந்தபடி நின்றாள். மாமியின் கை தாளத்தின் நடுவில் அப்படியே நின்றது.

"பார்த்தியா?" என்றார் என்னைப் பார்த்து. 

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்துபோய்த் துணியை உருவி இரண்டு கதவையும் திறந்தேன். வடை சட்டிமேல் குனிந்ததுபோல் அனல் முகத்தில் அடித்தது. பெட்டிக்குப் பின்னால் புறங்கையை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்தேன். நாலைந்து நிமிடம் போனதும் திரையில் மீரா அசைந்தாள். "டீச்சர், ஆர் யூ தேர்?" என்றாள்.

வகுப்பு முடிந்ததும் மாமியிடம், "கதவ சாத்தறத ஏன் மாமி எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்று கேட்டேன்.

"கதவைச் சாத்தறதுல சொல்ல என்ன இருக்கு? கம்ப்யூட்டருக்குள்ளே சுத்தற ஃபேன் சுருதியோட சேரவே மாட்டேங்கறது. என் கட்டைக்கும் அதுக்கும் அரைக்கால் வித்தியாசம், காதுல முள் குத்தற மாதிரி இருக்கு. குழந்தைகளுக்கும் சுருதி கெட்டுப்போயிடும். அதான் சாத்தி அடைச்சுடுவேன். நீ வர்றச்சேல்லாம் துணியை எடுத்து, கதவைத் திறந்து, ஃபேன் போட்டுத்தானே வெச்சிருந்தேன்? ரிப்பேருக்கு வர்றவாளுக்கு அந்த அழுக்குத் துணியைக் காட்டுவாளோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் வெட்கமும் வந்தது. நான் வருகிறேன் என்று அந்த அம்மாள் நாலு முறையும் வீட்டை ஒழுங்கு செய்து வைத்திருக்கிறார். நான் இல்லாத நேரத்தில் அந்த வீடு எப்படி இருக்கும் என்று ஒரு தரம்கூட நான் கேட்கவில்லை.

பிறகு மாமிக்குப் புரியும்படி சொன்னேன். வீடியோ வகுப்பு கம்ப்யூட்டருக்குப் பெரிய வேலை. வேலை செய்தால் சூடாகும், சூட்டை வெளியே தள்ளத்தான் விசிறி. கதவைச் சாத்தி, துணியால் அடைத்து, கூடத்து ஃபேனையும் ஜன்னலையும் மூடிவிட்டால் சூடு எங்கே போகும்? தான் கருகிப் போகாமல் இருக்க மெஷின் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரைச்சல் கூடக் கூட மாமி அடைக்கிறார், மாமி அடைக்க அடைக்க இரைச்சல் கூடுகிறது.

"அட ராமா" என்றார் மாமி. "இத்தனை நாளா நானே காலால மிதிச்சுண்டு இருந்திருக்கேன்."

மறுநாள் காலை இக்பால் பாயே வந்தார். செருப்பை ஓரமாக விட்டார், கை கழுவினார். பெட்டியைத் திறந்தால், வெள்ளிக்கிழமை தவறாமல் காட்டிய சாம்பிராணிப் புகையும் தூசும் சேர்ந்து, சூடு வெளியேறும் உலோகத் தகடுகளுக்கு நடுவே பஞ்சு மெத்தைபோல் படிந்திருந்தது. சவர பிரஷ்ஷால் ஒவ்வொரு இடுக்காகத் தட்டி எடுத்தார். சூட்டைத் தகடுகளுக்குக் கடத்துகிற பசை காய்ந்துபோயிருந்தது, அதைச் சுரண்டிப் புதிது தடவினார். நான் கீழ்த் தட்டின் கதவுகள் இரண்டையும் கீலோடு கழற்றினேன்.  மாமி தயங்கித் தயங்கி, "எல்லாம் சரி பாய். சத்தம்?" என்றார்.

பாய் அதற்கும் தயாராக வந்திருந்தார். அட்டைப் பெட்டியிலிருந்து மூன்று விசிறிகளை எடுத்து வைத்தார். "சுருதிப் பொட்டிய போடுங்கம்மா" என்றார். முதல் விசிறிக்கு மின்சாரம் கொடுத்துக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். மாமி கண்ணை மூடிக் கேட்டார்.

"இது ரெண்டுங்கெட்டான். வேண்டாம்."

இரண்டாவது.

"இது மேலே ஏறி நிக்கறது. தலைவலி வரும்."

மூன்றாவது அளவில் பெரியது, நிதானமாகச் சுற்றுவது. மாமி வெகு நேரம் கேட்டார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். மெல்ல 'ஸா' என்று பிடித்தார். அப்புறம், "இது இருக்கற இடமே தெரியலை. சமத்து" என்றார்.

விசிறி பெரிதாக இருந்ததால் பெட்டியில் கொஞ்சம் தகடு வெட்ட வேண்டியிருந்தது. வெட்டிப் பொருத்தினோம். திரும்பி வரும்போது பாய் என்னிடம், "இத்தினி வருசமா ஃபேன் விக்கிறேன் செல்வி. காத குடுத்துக் கேட்டு வாங்கினது இந்தம்மா ஒருத்தர்தான்" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. கடைக்குப் போனதும் ஒரு புது அட்டையை என் முன்னால் வைத்தார். மாமி முதல் நாள் போனில் சொன்னதை, ஒரு எழுத்து விடாமல், அவர் பார்த்துக்கொண்டிருக்க எழுதினேன்.

ரிப்பேர் முடிந்த பிறகு ஒருமுறை புகார் சொன்ன அதே நேரத்துக்குப் போய்ப் பார்ப்பது அன்றிலிருந்து என் வழக்கமானது. மாமி வீட்டுக்குப் பொங்கல் விடுமுறையில் வந்த சனிக்கிழமை போனேன். போகிற வழியில்தான் பிள்ளை வருவதாகச் சொன்னது ஞாபகம் வந்தது. வாசலில் பெரிய ஷூ கிடந்தது. கூடத்தில் ஒரு காலி சூட்கேஸ் திறந்து கிடந்தது. அதன் பக்கத்தில் மாமியின் புடவைகள் நாலைந்து அடுக்கியிருந்தன.

பிள்ளைக்கு நாற்பது வயதிருக்கும். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "நீங்கதான் செல்வியா? அம்மா சொன்னா" என்றார். நல்ல மனிதர்தான். அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

விளக்கு எரிந்தது. கதவில்லாத தட்டில் கம்ப்யூட்டர் பெட்டி சத்தமில்லாமல் இருந்தது. ஆறரைக்கு மீரா வந்தாள். பத்து நிமிடம் போனது.  இருபது நிமிடம் போனது. படமும் பாட்டும் ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. நிற்காததால் இப்போது மாமிக்கு எல்லாத் தப்பும் கேட்டது.

"அங்கே என்ன அவசரம்? காந்தாரத்தை அசைக்காம ஓடறியே, பஸ்ஸா போறது? திரும்பப் பாடு."

மீரா பாடினாள்.

"இல்லை. என்னைப் பாரு, கேளு." மாமி ஒரு முறை பாடிக் காட்டினார். நான் சங்கீதம் தெரியாதவள். ஆனாலும் அந்த ஒரு வரி எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "இப்போ பாடு. வர்ற வரைக்கும் விடமாட்டேன்."

பிள்ளை என் பக்கம் குனிந்து, "அம்மா இப்படியெல்லாம் அதட்டுவாளா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எனக்கு அதட்டாமயே ஒரு தபா விழுந்துகீது சார்" என்றேன்.

மீரா மூன்றாம் முறை பாடியபோது அந்த இடம் சரியாக வந்தது. மாமி தலையை மட்டும் அசைத்தார். அந்தப் பக்கம் குழந்தை துள்ளிக் குதித்தாள். அதற்குப் பிறகு வந்தவர்களில் ஒரு பையன், நின்றுபோன நாலு பேரில் ஒருவனாம், அன்றைக்குத்தான் திரும்பி வந்திருந்தான்.

எல்லோருக்கும் முடிந்ததும் மாமி தம்புராப் பெட்டியை நிறுத்தினார். திறந்து கிடந்த சூட்கேஸையும் புடவைகளையும் ஒரு தரம் பார்த்தார். பிள்ளையைப் பார்க்காமல், பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"என்னிக்குடா கிளம்பறோம்?"

"நாளன்னிக்குக் கார்த்தாலே ரயில்."

"ரெண்டு டிக்கெட்டும் ஜன்னலோரமா?"

பிள்ளை கையிலிருந்த போனைத் திருப்பி அம்மாவிடம் காட்டினார்.

"ஒரு டிக்கெட்டுதாம்மா. இன்னொண்ணைக் கேன்சல் பண்ணிட்டேன்."

மாமியின் கை சுருட்டிய பாயோடு நின்றது. "எப்போடா பண்ணினே?"

"இப்போதான். அந்தப் பொண்ணை மூணாவது தடவை பாடச் சொன்னியே, அப்போ."